கோட்டைக்கு முன்னால் இருக்கும் புல்தரை

தம்பி,

நான் சொல்லச் சொல்ல உன் அக்கா எழுதுகிறாள். இதைத் தொலைபேசியிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் உன்னைக் கூப்பிட்டேன். நீ வேலையில் இருந்தாய். "அப்பா, அப்புறமா கூப்பிடுறேன்லா" என்றாய். சொன்னபடி கூப்பிடவும் செய்தாய். ஆனால் உன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் எனக்கு வாய் எழவில்லை. பசியாறியாச்சா, ஈப்போவில் மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பேச்சென்றால் நடுவில் நீ ஏதாவது கேட்பாய், நான் தடுமாறி வேறு பக்கம் போய்விடுவேன். எழுத்தென்றால் முழுக்கச் சொல்லி முடிக்கலாம். இதை நீ கட்டிக்கொள்ளப் போகிற ஷாலினிக்கும் படித்துக் காட்டு. பழைய தோட்டத்து ஆட்கள் யாராவது, கல்யாணத்தை ஏன் கோட்டையில் வைக்கவில்லை என்றோ, ஏன் வைத்தாய் என்றோ கேட்டால் அவர்களுக்கும் காட்டு. இதில் மறைக்க இனி ஒன்றுமில்லை, மறைத்து வைத்தவர்களில் என்னைத் தவிர எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

கேட்க வந்ததை முதலில் கேட்டுவிடுகிறேன். கோட்டைக்கு முன்னால் இருக்கும் அந்தப் புல்தரையில் உன் கல்யாண மேடையைப் போடாதே. அங்கே பந்தி வைக்காதே. வேறு எங்கே வைத்தாலும் நான் முதல் ஆளாக வந்து நிற்பேன்.

போன மாதம் என்னைக் காடியில் ஏற்றிக்கொண்டு போனீர்களே, அன்றைக்கே சொல்லியிருக்கலாம். கோப்பெங் தாண்டி உள்ளே திரும்பியதும், ரப்பர்ப் பால் சுரந்த கித்தா மரங்கள் நின்ற இடமெல்லாம் செம்பனையாக மாறிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எங்கள் லயத்து வீடுகள் நின்ற வரிசையில் ஒரு சிமெண்டுத் தரை கூட மிச்சமில்லை. மேட்டின் மேலே கோட்டை மட்டும் அப்படியே இருந்தது. கூரை இல்லாத சுவர்கள், ஒற்றைக் கோபுரம், ஜன்னல் ஓட்டைகளில் ஆலங்கன்று. ஈப்போவிலிருந்து வந்த அலங்காரக்காரச் சீனர் அளவுநாடாவை இழுத்துப் பிடித்தபடி, "அங்கிள், சினி ஸ்டேஜ், சானா மக்கான்" என்று இங்கே மேடை அங்கே சாப்பாடு எனக் கை காட்டினார். நீ என் தோளில் கை போட்டுக்கொண்டு, "அந்தக் கோபுரத்துச் சொவத்துக்குள்ள பூட்டன் இருக்காருல்லப்பா, அவரு கண்ணு முன்னால தாலி கட்டணும்னுதான் இந்த எடத்தப் பிடிச்சேன்" என்றாய். ஷாலினி விடவில்லை. "பாத்தா போதும்லா. மைக்கப் புடிச்சி வாழ்த்துரை சொல்ல எறங்கி வந்துறப் போறாரு" என்றாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் புல்லில் நடந்து பார்த்தாள். நடுவில் போய் நின்றுகொண்டு, "மாமா, இங்க மட்டும் தர ஜில்லுனு இருக்கு" என்றாள். நிழல்மா என்றேன். உச்சி வெயில், தம்பி. அங்கே நிழலே இல்லை.

உனக்குத் தெரிந்த கதை எது என்று எனக்குத் தெரியும். தோட்டத்தில் பிறந்த யாருக்கும் தெரிந்த கதைதான். வெள்ளைக்காரத் துரை கோட்டை கட்டும்போது கோபுரம் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. பலி கேட்கிறது என்றார்கள். கொத்தனாருக்குக் கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த என் தாத்தா காத்தமுத்துவை ஒரு நாள் காணவில்லை. அதற்கப்புறம் கோபுரம் சரியவில்லை. அவரை உயிரோடு சுவருக்குள் வைத்துக் கட்டிவிட்டார்கள். நீ சின்ன வயதில் சண்டை வந்தால், "எங்க பூட்டன் மேலதான்டா அந்தக் கோட்டையே நிக்கிது" என்று மற்ற பிள்ளைகளிடம் மார்தட்டுவாய். ஒரு முறை கைப்பேசியில் துரையின் ஊரிலுள்ள பழைய கோட்டையைத் தேடி எடுத்து எனக்குக் காட்டினாய். மலை உச்சியில் பல நூறு வருஷத்துக் கல், அங்கேயும் கூரை இல்லை, அங்கேயும் ஒற்றைக் கோபுரம். "அங்கயும் ஒரு ஆள சொவத்துக்குள்ள வச்சிக் கட்டுனாங்களாம்ப்பா, அதே கததான்!" என்று உனக்குப் புல்லரித்தது. நான் எழுந்து வாசலுக்குப் போனேன். உனக்கு ஞாபகம் இருக்காது.

அந்தக் கோட்டை எப்படி வந்தது என்பதை, என் அப்பா எனக்குச் சொன்னபடி சொல்கிறேன். துரையின் வங்களா கூடத்தில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்ததாம். அவருடைய முன்னோர்கள் ஆண்ட மலைக்கோட்டை. யாரோ படையெடுத்து வந்து கூரையைக் கொளுத்திவிட்டார்கள், கல் மட்டும் மிஞ்சியது. அந்தப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து நம் ஆட்களிடம் காட்டி, இந்த மேட்டில் இதைப் போலவே கட்ட வேண்டும் என்றாராம். ஊரிலிருந்து வந்த கொத்தனார் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கணக்கு எழுதுகிற கிராணியிடம், "ஐயா, ஒடஞ்ச பக்கத்த ஒடஞ்ச மாதிரியே கட்டணுமா, முழுசாக் கட்டணுமா, தொரைகிட்டக் கேட்டுச் சொல்லுங்க" என்றாராம். கிராணி அதை மொழிபெயர்க்கவே இல்லை. லயத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். "நாம குடிசையில இருந்துக்கிட்டு மாடி வீட்டுக்கு ஆசப்படுறோம், இவரு மாடி வீட்டுல இருந்துக்கிட்டு இடிஞ்ச வீட்டுக்கு ஆசப்படுறாரு" என்று. சாயங்காலம் மரத்துப் பால் வேலை முடிந்த ஆட்களையும் கல் சுமக்க விட்டார்கள். கப்பலில் புதிதாக வந்த ஒரு கூட்டத்தை லயத்துக்கே விடாமல் நேராக மேட்டுக்கு ஏற்றி, அங்கேயே ஒரு கொட்டகை போட்டுத் தங்க வைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தோட்டத்தில் சொந்தம் கிடையாது. கோட்டை பாதி எழும்பியதும் அவர்களைக் காணவில்லை. கேட்டதற்கு, கப்பலேற்றித் திருப்பி அனுப்பியாச்சு என்று கங்காணி சொன்னார். மாமியார் வீட்டுக்குப் போனவனைக் கூட நாலு தரம் விசாரிக்கிற சனம், அன்றைக்கு அதற்கு மேல் விசாரிக்கவில்லை.

கூரை போடும் முன்பே துரை ஊருக்குப் போனார், திரும்பவில்லை. அப்புறம் ஜப்பான்காரன் வந்தான், கோபுரத்தில் ஏறி நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கம்னிஸ்ட்டுக் காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே மணல் மூட்டை அடுக்கினார்கள். அவர்களும் போனபின் வௌவாலுக்கு விட்டாயிற்று. யார் வந்தாலும் அந்தக் கோட்டையில் நிலைத்ததில்லை. ஆனால் நம் ஆட்கள் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் அதில் ஏறினார்கள். கோட்டை வேலையில் சாரத்திலிருந்து விழுந்தும் கல் சரிந்தும் செத்தவர்களுக்குப் படையல். சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, கள்ளு, சுருட்டு. எந்த ஊரிலும் இல்லாத ஒரு பழக்கம் எங்களுக்கு இருந்தது. தோட்டத்தில் பொழுது விடிந்தால் பெரட்டு. வரிசையில் நிற்க வேண்டும், கங்காணி பேரைக் கூப்பிடுவார், "இருக்கேங்கய்யா" என்று குரல் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. செத்தவர்களுக்கும் அப்படியே பெரட்டு எடுப்போம். கோபுரத்தைப் பார்த்து அந்தப் புல்தரையில் வரிசையாக நிற்போம். ஒருவர் கங்காணி மாதிரி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். செத்தவன் வீட்டு ஆள் யாரோ அவர் "இருக்கேங்கய்யா" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அந்த ஆளுக்கு இலையில் சோறு விழும். என் அப்பாவுக்குக் குரல் கணீரென்று இருக்கும், அதனால் அவர்தான் கூப்பிடுவார். காத்தமுத்து என்ற பேர் வந்ததும் பின்வரிசையிலிருந்து என் அப்பாயி, தாத்தாவுடைய பெண்டாட்டி, பதில் சொல்வார். வெள்ளைச் சேலை, வெறுங்கழுத்து. அந்தக் குரலைக் கேட்டு நான் கோபுரத்தைப் பார்ப்பேன். சுவர் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும்.

எனக்கு மீசை நன்றாக முளைத்து, நானும் பாலுக்கு மரம் வெட்டத் தொடங்கியிருந்த நாளில், பாகான் டத்தோவிலிருந்து தேங்காய் ஏற்றி வரும் லோரிக்காரர் ஒருவர் கள்ளுக்கடையில் என் அப்பாவிடம் ஒரு செய்தி சொன்னார். அவருடைய தோட்டத்தில் ஒரு கிழவர் இருக்கிறார், வருஷக்கணக்காக வாய் திறக்காதவர், குடித்தால் மட்டும் ஒரு கோட்டையைப் பற்றிப் பேசுவார், "சடையா, கைய அசைக்காதடா" என்று அழுவார் என்றார். என் அப்பா அன்றைக்கு வீட்டில் சாப்பிடவில்லை. மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ் மாறி மாறிப் போனோம். எங்கே போகிறோம் என்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தென்னந்தோப்புக்கு நடுவில் தேங்காய் உரிக்கிற இடத்தில், நட்டு வைத்த கம்பியில் ஒருவர் காயைக் குத்தித் திருகி உரித்துக்கொண்டிருந்தார். குள்ளமான ஆள், தலை முழுக்க நரை. என் அப்பாவுக்கு அவரைத் தெரியவில்லை. அப்பன் காணாமல் போனபோது அவர் இடுப்பில் இருந்த பிள்ளை, எப்படித் தெரியும்? கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு ஆடி அமாவாசையில் கூப்பிடுகிற அதே குரலில், "காத்தமுத்து!" என்று கூப்பிட்டார்.

அந்தக் கிழவர் காயைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து, கையைப் பக்கவாட்டில் ஒட்டிவைத்து, "இருக்கேங்கய்யா" என்றார்.

சொன்ன பிறகுதான் திரும்பினார். தம்பி, நான் பல சாவுகளைப் பார்த்திருக்கிறேன், உன் அம்மாவை என் கையாலேயே தூக்கி வைத்திருக்கிறேன். அந்த ஒரு பதிலைக் கேட்டபோது வந்த நடுக்கம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. அவர் என் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் உற்றுப் பார்த்தார். "இவன் யாரு? எங்க அப்பன் மொகரயா இருக்கான்" என்றார்.

"ஒம் பேரன்" என்றார் அப்பா. "நான் ஒம் மவன். அங்க ஒன்னய வருசா வருசம் பொணமாக் கூப்புட்டுக்கிட்டு இருக்கோம். நீ இங்க தேங்கா உரிச்சிக்கிட்டு இருக்க."

"கூப்புடுறது சரிதான்" என்றார் கிழவர். "செத்தவன்தான் நான். என்னா, பொதைக்க ஆளில்ல." உட்காருங்கள் என்று சொல்லவில்லை. பக்கத்துக் குடிசைக்கு உள்ளேயிருந்து ஓர் அம்மாள், வந்தவங்க யாருங்க என்று கேட்டார். ஆள் கேட்டு வந்திருக்காங்க என்று இவர் சொன்னார். அந்த அம்மாள் கோப்பி கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் கழுத்தில் தாலி இருந்தது. அப்பா அந்தக் கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. நான் குடித்துவிட்டேன். நெடுநாள் அது எனக்கு உறுத்தியது.

சுவருக்குள் வைத்துக் கட்டினார்கள் என்ற கதையைச் சொன்னபோது கிழவர் சிரித்தார். "அது தொரை கததான்யா. குடிச்சிட்டு விருந்தாளிக்கு அவுங்க ஊருக் கோட்டையப் பத்திச் சொல்லுவாரு. குசினிக்காரன் கேட்டுட்டு வந்து லயத்துல சொல்லுவான். நானே கேட்டிருக்கேன். அதையா எம் மேல போட்டீங்க?" என்றார். எங்கேயோ ஒரு மலையில், என்றைக்கோ செத்த யாருடைய கதையோ, கடல் தாண்டி வந்து எங்கள் வீட்டு விளக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. பிறகு அவர் சிரிக்கவில்லை. மேட்டுக் கொட்டகையில் தங்கிய புதுக் கூட்டத்துக்குக் காய்ச்சல் வந்ததைச் சொன்னார். அந்தக் கூட்டத்தில் சடையன் என்று ஒருவன், இவரோடு கல் சுமந்தவன், நல்ல பாட்டுக்காரன். அந்த வாரம் துரை ஈப்போவிலிருந்தும் எங்கிருந்தெல்லாமோ வெள்ளைக்காரர்களைக் கூப்பிட்டுக் கோட்டை வாசலில் விருந்து வைப்பதாக இருந்தது. கொட்டகையில் பிணம் கிடக்கிறது. கங்காணி தோட்டத்திலிருந்து இரண்டு மூன்று பேரை மட்டும் கூட்டிப்போய்க் கோட்டைக்கு முன்னாலேயே நீளமாகக் குழி வெட்டச் சொன்னார். இந்த ஆள் செத்தான், இந்த ஆள் செத்தான் என்று தோட்டத்துக்கு மருந்து கொடுக்கிற டிரெஸர் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டு போக, இவர்கள் தூக்கிப் போட்டார்கள்.

"சடையனயும் தொட்டாரு, செத்தான்னாரு. போட்டேன். மண்ணு விழுந்தப்ப அவங் கை அசஞ்சிச்சு. கங்காணி, கை அசையுதுங்கன்னேன். அது நரம்புடா, தள்ளுன்னாரு." கிழவர் கம்பியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தள்ளுனேன். மூடி, மட்டம் பண்ணி, புல்லு பேத்து நட்டோம். அதுக்கு மேல மேச போட்டு வெள்ளத் துணி விரிச்சாங்க. பாட்டு வச்சி சோடி சோடியா ஆடுனாங்க. நான் வெளக்குப் புடிச்சிக்கிட்டு ஓரமா நின்னேன். அந்த எடம் அசையுதா அசையுதான்னு பாத்துக்கிட்டே நின்னேன். விடிஞ்சி பெரட்டுக்கு நான் இல்ல."

அப்பா கேட்டார், துரை போன பிறகாவது வந்திருக்கலாமே என்று. "வந்தா பெரட்டுல நிக்கணும். எங்கய்யா நிப்பேன்? அவன் மேலயா?" என்றார். மற்றவர்களின் பேரைக் கேட்டதற்கு, தெரியாது என்று ஒரு தரமும், தெரியும், சொன்னால் எழுந்து வந்துவிடுவார்கள் என்று ஒரு தரமும் சொன்னார். கிளம்பும்போது என் அப்பா, "நாங்க அங்கதான் நிக்கிறோம்" என்றார். கிழவருக்குப் புரியவில்லை. "வருசா வருசம் ஒனக்குப் படைக்க அந்தப் புல்லுமேலதான் வரிசை கட்டி நிக்கிறோம்" என்றார் அப்பா. உயிரோடு இருப்பவனைச் செத்தவனாகக் கூப்பிட்டுக்கொண்டு, கூப்பிட வேண்டியவர்களைக் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டு நின்றிருக்கிறோம், தம்பி. எங்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க முடியாது. கிழவர் வேட்டி முனையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் அவரை நாங்கள் பார்க்கவில்லை. ஒன்றிரண்டு வருஷத்தில் செத்துப்போனதாக அதே லோரிக்காரர் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "ஆளு வேற" என்று மட்டும் சொன்னார். எங்கே போனோம் என்று யார் சொன்னார்களோ, அப்பாயிக்குத் தெரிந்திருந்தது. மீன் ஆய்ந்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல், "மீசை நரைச்சிருச்சா?" என்று கேட்டார். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "முழுசா நரைச்சிருச்சும்மா" என்றார். அப்பாயி அடுத்த மீனை எடுத்தார். அவ்வளவுதான். இந்த வீட்டில் அதைப் பற்றி நடந்த பேச்சே அவ்வளவுதான். அந்த ஆடிக்குப் பெரட்டு எடுக்கும்போது காத்தமுத்து என்ற பேரில் அப்பாவுடைய குரல் தடுக்கி நின்றது. பின்னாலிருந்து அப்பாயி, "அந்தப் பேர விட்டுட்டு அடுத்த பேரக் கூப்புடு" என்று சொன்னார். கிழவிக்கு மனசு விட்டுப்போச்சு என்று சனம் நினைத்தது. அதே வருஷம், புல்லில் நிற்காதீர்கள், ஓரச் சரிவில் நில்லுங்கள் என்று அப்பா எல்லோரையும் ஒதுக்கினார். "இதென்னண்ணே புதுச் சட்டம்? தொரை கூட இப்படி வெரட்டல" என்று கத்தினார்கள். பாம்புப் புற்று இருக்கிறது என்றார் அப்பா. கடைசியில் சடையன் என்று ஒரு பேரைக் கூப்பிட்டார். யாருய்யா சடையன் என்று ஆளுக்கு ஆள் திரும்பிப் பார்த்தார்கள். என்னிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார். நான்தான் பதில் கொடுத்தேன். தோட்டத்தை விற்று, எங்களையெல்லாம் கிளப்பிவிடும்வரை அந்தப் பேருக்கு நான்தான் பதில்.

கிழவர் சொன்னது நிஜமா என்று நீ கேட்பாய். நீ எதற்கும் ஆதாரம் கேட்கிறவன், அது நல்ல குணம், விட்டுவிடாதே. எனக்குத் தெரியாது. நான் தோண்டிப் பார்க்கவில்லை. துரை இல்லை, கங்காணி இல்லை, குடிகாரக் கிழவர் ஒருவருடைய வாய்ச்சொல்லை எடுத்துக்கொண்டு எந்த ஆபிசுக்குப் போவது? ஓடிப்போனவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு கதை கட்டியிருக்கலாம் என்று கூட யோசித்திருக்கிறேன். ஆனால் பேர் கூப்பிட்டதும் அவர் நின்ற நிலை என் கண்ணில் இருக்கிறது. அது பொய் சொல்கிறவன் நிற்கிற நிலை இல்லை. செம்பனை நடுவதற்காக மேட்டைச் சுற்றி உழுதபோது, இயந்திரம் ஓட்டிய மலாய்க்காரர் அந்தப் புல்லை மட்டும் விட்டுவிட்டுப் போனார். ஏன் என்று கேட்டதற்கு, "தா செடாப் ஹாத்தி, பாச்சே" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். மனசுக்குச் சரியாகப் படவில்லையாம். அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

இவ்வளவு நாள் உனக்கு ஏன் சொல்லவில்லை என்பதற்கு உன் அம்மா காரணம். கல்யாணம் நிச்சயமானதும் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஓடிப்போன வம்சத்தில் வாக்கப்படுகிறோம் என்று அவள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "நீங்க ஓடிருவீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப சரி" என்றாள். நீ பிறந்த பிறகு, பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம் என்று அவள்தான் கேட்டுக்கொண்டாள். லயத்துப் பிள்ளைகளுக்குப் பெருமை என்று சொல்லிக்கொள்ள ஒரு துணியும் இல்லாத காலத்தில், சுவரைத் தாங்கி நிற்கிற ஒரு பூட்டன் இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். அவள் சொன்னது அன்றைக்கு நியாயம். இன்றைக்கு நீ ஆளாகிவிட்டாய், உனக்குத் தாங்குகிற தோள் இருக்கிறது. பெண்டாட்டியாகப் போகிறவளிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்று உனக்கும் நாளைக்கு வரும். என் அப்பாயிக்கு மீசையைக் கேட்க மட்டும்தான் வாய்த்தது. ஷாலினிக்கு அப்படி ஒரு நிலை வைத்துவிடாதே. கேட்க வேண்டியதை அவள் முழுசாகக் கேட்கட்டும், நீயும் முழுசாகப் பதில் சொல்.

பேய்க்குப் பயந்து சொல்கிறேன் என்று நினைக்காதே. சிம்பாங் பூலாயில் கல் உடைக்கிற மலைக்குக் காவலாகக் கிடந்தவன் நான், எந்தப் பேயும் என்னிடம் நெருப்புக் கேட்டதில்லை. என் பயம் வேறு. அந்தப் புல்லின்மேல் ஒரு விருந்து ஏற்கனவே நடந்துவிட்டது. ஆடியவர்களுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது, அவர்கள் மேல் எனக்குக் கோபம்கூட இல்லை. நீ தெரிந்துகொண்டபிறகு மேசை போட்டால் அது இரண்டாவது விருந்து. அன்றைக்கு உன் பூட்டன் விளக்கைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். இந்தத் தடவை அப்படி நிற்கப் போகிறவன் நான். நீ மாலையோடு நிற்பாய், நம் சனமெல்லாம் சிரித்துக்கொண்டிருக்கும், நான் உன் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மகனுடைய கல்யாணத்தில் ஒரு தகப்பன் பார்க்க வேண்டியது தரையை இல்லை. அதனால் மேலேதான் என்று நீ முடிவெடுத்தால், நான் மேடு ஏறமாட்டேன். அடிவாரத்தில், காடி நிறுத்துகிற இடத்தில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டு அனுப்பி வைக்கிறேன். இது கோபத்தில் சொல்வதில்லை. என் கால் ஏறாது, அவ்வளவுதான்.

உன் பூட்டன் கண்முன்னால் தாலி கட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டாய். அவர் அங்கே இல்லை. அவர் எங்கேயும் நிற்காமல் ஓடியவர். அவரையும் நான் வெறுக்கவில்லை, நீயும் வெறுக்காதே. அந்தக் கையைப் பார்த்துவிட்டு மறுநாள் பெரட்டில் போய் நிற்கிற மனசு அவருக்கு இல்லை, இருந்திருந்தால் அது எப்படிப்பட்ட மனசு என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

இங்கே நம் வீட்டு ரோட்டு ஆட்களைக் கேட்டுப் பார்த்தேன். இரு பக்கமும் காடியை எடுத்துவிடுகிறோம் என்றார்கள். எதிர்வீட்டுச் சீனத்தி, "கவல வேணாம், நான் கதவத் தொறந்து வைக்கிறேன், வயசானவங்க உள்ள ஒக்காரட்டும்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். தாலி கட்ட முனையிலேயே கோயில் இருக்கிறது. படம் எடுத்தால் கோட்டை மாதிரி இருக்காது, பின்னால் சுண்ணாம்பு மலையும் லோரியும்தான் விழும். ஷாலினிக்கு அதில் வருத்தம் இருந்தால் என்னிடம் நேராகச் சொல்லட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன்.

கூடாரம் கட்டுகிற சேகர் நேற்று வீட்டுக்கு வந்திருந்தார். மேலே கட்டினாலும் கீழே கட்டினாலும் அந்த அலங்காரக்காரர் இவரைத்தான் கூப்பிடுவாராம். "அண்ணே, எங்கன்னு தெரிஞ்சா ஆளப் பிரிச்சி விட்டுருவேன். ரோட்டுல கட்டுனா மணல் மூட்டை வச்சி நிறுத்திப்புடலாம். மேல கட்டுனா காத்து தூக்கிரும்லா, புல்லுல குழி தோண்டி கம்பி எறக்கணும்" என்றார். எவ்வளவு ஆழம் போவீர்கள் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கம்பி அசையாம நிக்கிற வரைக்கும் போவணும்ணே" என்றார். கல்யாணம் என் மகனுடையது, அவனிடமே கேளுங்கள் என்று உன் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் கூப்பிடுவார். தோண்டவா என்றுதான் கேட்பார்.

அப்பா